பழைய புல்லட்டில் சார்ஜ் ஏறவில்லை: காயிலை ரீவைண்டுக்குக் கொடுப்பதற்கு முன்

உங்கள் வண்டி 1990-களில் வந்த புல்லட் 350, கிக்கர் மட்டும், ஸ்பார்க்குக்குப் பழைய பாயின்ட் செட். மூன்று மாதத்துக்கு முன் புது 5 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) பேட்டரி போட்டிருக்கிறீர்கள். மெக்கானிக்குகள் கட்-அவுட் என்று சொல்லும் ஆர்.ஆர். யூனிட்டையும் (ஏசியை டிசியாக்கி வோல்ட்டை அடக்கும் ரெக்டிஃபையர்-ரெகுலேட்டர்) மாற்றியாகிவிட்டது. அப்படியும் பத்து நாளில் ஹார்ன் கம்மிவிடுகிறது, ராத்திரி சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்குகிறது, அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்கிறது. "காயில் வீக் ஆயிடுச்சு, ரீவைண்ட் பண்ணிடலாம்" என்கிறார் மெக்கானிக். எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் கம்பிச் சுருளைத்தான் காயில் என்கிறார், அதில் புதுக் கம்பி சுற்றுவதுதான் ரீவைண்ட். பண்ணலாமா என்பது உங்கள் கேள்வி. அதற்கு முன்னால் வரவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. காயில்தான் வீக் என்று அவர் எதை அளந்து சொன்னார்? நீங்கள் எழுதியதில் பொருள்கள் மாறியிருக்கின்றன, ஒரு வோல்ட் அளவுகூட இல்லை. அதனால் அளப்பது எப்படி என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். கையில் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் இருந்தால் போதும், பெரும்பாலான வேலையை வண்டியைப் பிரிக்காமலே முடித்துவிடலாம்.

பல வருடமாக இந்த வண்டிகளின் எலக்ட்ரிக்கல் வேலையைப் பார்த்து வருகிறேன். சார்ஜே இல்லாத வண்டியில் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம். ஏதோ ஒன்று அறுந்திருக்கும் அல்லது எரிந்திருக்கும். கொஞ்சம் சார்ஜ் ஆகிறது, ஆனால் போதவில்லை என்ற வண்டிதான் ஆளை அலைக்கழிக்கும். அப்படி வருகிற வண்டிகளில் காயில் குற்றவாளியாக இருப்பதைவிட இணைப்புகளும் எர்த்தும் குற்றவாளியாக இருப்பதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அம்மீட்டரிலிருந்து ஆரம்பிக்கலாம். இந்த மாடலில் பேட்டரிக்குப் போகிற, பேட்டரியிலிருந்து வருகிற கரன்ட் அந்த மீட்டர் வழியாகத்தான் போகிறது. ஆகவே அது நல்ல சாட்சி, ஆனால் அது சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஐடிலில் ஹெட்லைட் போட்டு நிற்கும்போது முள் மைனஸுக்குப் போவது பழைய புல்லட்டில் இயல்பு, அதைக் கோளாறு என்று எடுக்க வேண்டியதில்லை. ஆல்டர்னேட்டரின் சக்தி எஞ்சின் சுற்றும் வேகத்தைப் பொறுத்தது, ஐடிலில் அது மிகக் குறைவு. ஓடும்போது முள் நட்டநடுவில் நிற்பதும் தவறில்லை. பேட்டரி நிறைந்துவிட்டால் உள்ளே போக இடமில்லை, முள் நடுவுக்கு வந்துவிடும். நான்காம் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில், ஹெட்லைட் எரியும்போதும் முள் மைனஸிலேயே இருந்தால் அதுதான் கவலைப்பட வேண்டிய அறிகுறி. நீங்கள் சிக்னலில் நின்ற கதையை மட்டும் எழுதியிருக்கிறீர்கள், ஓட்டத்தில் முள் எங்கே இருந்தது என்று எழுதவில்லை. இன்று ராத்திரியே ஒரு சுற்று போய்ப் பாருங்கள்.

இன்னொன்றையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவி போட்டு ஹெட்லைட் சுவிட்சைப் போடுங்கள். எரிந்தால் உங்கள் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து, அதாவது டிசியில் எரிகிறது. எஞ்சின் ஓடினால் மட்டும் எரிகிறது என்றால் அது காயிலிலிருந்து நேராக ஏசியில் எரிகிற ஒயரிங். புல்லட்டில் இரண்டு வகையும் வந்திருக்கின்றன, இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். ஏசி வகையாக இருந்தால் ஐடிலில் ஹெட்லைட் மங்குவதற்கும் பேட்டரி இறங்குவதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அப்படியில்லாமல் டிசி வகை என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

அடுத்தது பேட்டரி. புதுசு என்பதால் அதைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். ஆசிட் ஊற்றுகிற வகை பேட்டரி கடைக்குக் காய்ந்த நிலையில்தான் வரும். ஆசிட் ஊற்றி, அரை மணி நேரமாவது ஊறவிட்டு, அப்புறம் பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு கரன்டில் (5 ஏ.எச்.சுக்கு அரை ஆம்பியர்) பல மணி நேரம் முதல் சார்ஜ் போட வேண்டும். அவசரத்தில் ஆசிட்டை ஊற்றிக் கையில் கொடுத்துவிடும் கடைகள் உண்டு. அந்த பேட்டரி ஒருநாளும் முழுசாக நிறையாது, பாதி நிலையிலேயே கிடந்து தகட்டில் சல்பேட் படிந்துவிடும். எனவே முதலில் அதை வெளியே எடுத்துச் சார்ஜரில் முழுசாக ஏற்றுங்கள். இரவு முழுக்க சும்மா வைத்துவிட்டுக் காலையில் அளந்தால் 12.5-இலிருந்து 12.7 வோல்ட் காட்ட வேண்டும். இந்த வித்தியாசம் ஆசிட்டின் அடர்த்தியால் வருவது. நம் வெயிலுக்கு ஏற்ப 1.240 அடர்த்தி ஆசிட் ஊற்றியிருந்தால் 12.5 என்பதே முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதி, 12.0-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. ஹைட்ரோமீட்டர் (ஆசிட் அடர்த்தியை அளக்கும் கருவி) கிடைத்தால் ஆறு செல்லையும் பாருங்கள். ஐந்து செல் 1.240 காட்டி ஒன்று மட்டும் 1.180-இல் நின்றால் பேட்டரியே போய்விட்டது, மற்ற சோதனைகளை அதை வைத்துச் செய்வதில் பயனில்லை.

பத்து நாளில் இறங்குகிறது என்று சொன்னதால் ஒரு கேள்வி. அந்தப் பத்து நாளில் வண்டி எவ்வளவு ஓடியது? அதிகம் நின்றே இருந்தது என்றால் நிற்கும்போது ஏதோ குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவியை அணைத்துவிட்டு பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, மீட்டரை முதலில் 10 ஆம்பியர் நிலையில் வைத்து இடையில் சேருங்கள். ஒன்றும் காட்டாவிட்டால் மில்லிஆம்பியர் நிலைக்கு மாற்றுங்கள். உங்கள் வண்டியில் கடிகாரமோ கம்ப்யூட்டரோ கிடையாது, எனவே மீட்டர் பூஜ்யத்தைத்தான் காட்ட வேண்டும். 20 மில்லிஆம்பியர் கசிந்தால்கூட பத்து நாளில் 4.8 ஆம்பியர்-அவர் போய்விடும், உங்கள் பேட்டரியின் மொத்தமே அவ்வளவுதான். கசிவு இருந்தால் முதலில் அந்தப் புது ஆர்.ஆர். யூனிட்டின் இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். பிரித்ததும் கசிவு நின்றால் உள்ளே டயோடு (கரன்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) ஓட்டையாகிவிட்டது என்று அர்த்தம். புதுசிலும் இது நடக்கும், ஏனென்றால் கடையில் விற்கும் எல்லா ஆர்.ஆர். யூனிட்டும் ஒரே தரம் அல்ல. இதோடு ஒரு பழக்கத்தையும் பாருங்கள். எஞ்சினை நிறுத்தியபின் சாவியை ஆனில் விட்டுவிட்டால், பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால், இக்னிஷன் காயில் மட்டுமே 3, 4 ஆம்பியர் இழுக்கும். ஒன்றரை மணி நேரத்துக்குள் பேட்டரி படுத்துவிடும், அந்த இக்னிஷன் காயிலும் சூடாகிக் கெட்டுவிடும்.

பேட்டரி சரி, கசிவும் இல்லை என்றால் இப்போது எஞ்சினை ஓட்டி அளக்கலாம். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளிலேயே பிடியுங்கள், விளக்குகள் எல்லாம் அணைந்திருக்கட்டும். ஐடிலில் என்ன காட்டினாலும் விட்டுவிடுங்கள். ஆக்ஸிலேட்டரைத் திருகி, 60-இல் போகும்போது கேட்கிற சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். 13.8-இலிருந்து 14.5-க்குள் ஏறி நின்றால் சார்ஜிங் நல்ல நிலையில் இருக்கிறது. 13.2-ஐத் தாண்டவில்லை என்றால் வீக் என்பது உறுதி. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் அடங்கவில்லை, பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும், பல்பு அடிக்கடி போகும். அப்புறம் அதே வேகத்தில் ஹெட்லைட்டைப் போட்டு மறுபடி பாருங்கள். 13-க்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மீதிப் பாதை முழுக்க இவற்றை ஒட்டித்தான் போகும். ஒரு எச்சரிக்கை: சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அதைச் செய்யவே விடாதீர்கள். அடக்க பேட்டரி இல்லாமல் வோல்ட்டேஜ் எகிறி, பல்பும் ஆர்.ஆர். யூனிட்டும் ஒரே நொடியில் போய்விடும்.

வீக் என்று உறுதியானால் கை உடனே காயில் பக்கம் போகும். போகவிடாமல் வழியில் இருக்கிற இணைப்புகளை முதலில் அளக்கச் சொல்கிறேன், காரணத்தோடு. ஆர்.ஆர். யூனிட்டிலிருந்து பேட்டரி வரை போகும் வழியில் ஒரே ஒரு இணைப்பில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 4 ஆம்பியர் போகும்போது அங்கேயே 2 வோல்ட் தொலைந்துவிடும். ஆர்.ஆர். யூனிட் தன் வாயிலில் 14.2 இருப்பதைப் பார்த்து, பேட்டரி நிறைந்துவிட்டது என்று எண்ணிக் கரன்டைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரியோ 13-ஐக்கூடப் பார்க்காது. காயில் நல்ல காயில், ஆர்.ஆர். நல்ல ஆர்.ஆர்., ஆனாலும் சார்ஜ் வீக். புதுக் காயில் போட்டாலும் இது மாறாது. அரை ஓம் என்பது மல்ட்டிமீட்டரின் கன்டினியூட்டி பீப் சத்தத்தில் தெரியவே தெரியாது, அது சந்தோஷமாகக் கத்தும். எனவே ஓட்டத்தில்தான் அளக்க வேண்டும். எஞ்சின் அதே வேகத்தில், ஹெட்லைட் எரியும்போது, மீட்டரின் ஒரு முனையை ஆர்.ஆர். யூனிட்டின் பிளஸ் வெளியீட்டிலும் மறுமுனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் வழி சுத்தம். 1 வோல்ட் காட்டினால் அந்த வழியில்தான் திருடன். அதேபோல ஆர்.ஆர். யூனிட்டின் உடம்பிலிருந்து பேட்டரி மைனஸுக்கு ஒருமுறை.

திருடன் ஒளிந்திருக்கும் இடங்கள் புல்லட்டில் ஏறக்குறைய நிரந்தரமானவை. ஹெட்லைட்டைக் கழற்றி, அது உட்கார்ந்திருக்கும் உறைக்குள் (காஸ்கெட்) டார்ச் அடித்துப் பாருங்கள். அம்மீட்டரின் பின்னால் இரண்டு போல்ட், அவற்றில் ஒயர் லக்குகள் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையங்கள்). மொத்த சார்ஜும் இந்த இரண்டு நட்டுகளின் இறுக்கத்தில் இருக்கிறது. எஞ்சின் அதிர்வில் நட் கால் சுற்று தளர்ந்திருக்கும், லக்கின் ஓரம் காப்பி நிறத்துக்கு மாறியிருக்கும், ஒயரின் மேல்தோல் ஒரு அங்குலத்துக்குக் குச்சிபோல் விறைத்திருக்கும். விறைப்பைத் தொட்டதுமே தெரியும், அங்கே சூடாகிக்கொண்டிருக்கிறது. ஒயரை வெட்டிச் சுத்தமான செம்பு வரும்வரை உரித்து, புது லக் போட்டு ஈயம் வைத்து, ஸ்பிரிங் வாஷரோடு இறுக்குங்கள். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், ஸ்பேனர் பட்டால் அந்த இடத்தில் ஃபியூஸ் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. அடுத்தது கண்ணாடி ஃபியூஸ் ஹோல்டர். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து, ஃபியூஸின் முனை கறுத்திருக்கும். இதைச் சுரண்டிப் பயனில்லை, தூக்கிப் போட்டுவிட்டு பிளேடு ஃபியூஸ் ஹோல்டர் மாட்டுங்கள். அப்புறம் சேஸிஸில் எர்த் போல்ட். வண்டிக்குப் புது பெயின்ட் அடித்தீர்களா? பெயின்ட் அடித்தபின் சார்ஜ் வீக் ஆன வண்டிகள் ஏராளம், லக்குக்கும் இரும்புக்கும் நடுவில் பெயின்ட் இருக்கும். போல்ட்டைச் சுற்றி இரும்பு தெரியச் சுரண்டி வாஸ்லின் தடவி இறுக்குங்கள். ஆர்.ஆர். யூனிட் எர்த்தைத் தன் உடம்பு வழியாக எடுக்கும் வகையாக இருந்தால் அதன் அடியிலும் இதே வேலை. பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சினுக்கே ஒரு தனி ஒயர் இழுத்துவிடுவது என் பழக்கம், செலவு மிகக் குறைவு.

இதெல்லாம் சரியாக இருந்தும் வீக் என்றால் காயிலை விசாரிக்கலாம். இதற்கும் கேஸைத் திறக்க வேண்டாம். பிரைமரி கேஸின் (எஞ்சினின் இடதுபக்கச் செயின் பெட்டி) பின்பக்கத்திலிருந்து வெளியே வரும் ஸ்டேட்டர் (காயில் சுற்றியிருக்கும் அசையாத பாகம்) ஒயர்களின் இணைப்பைப் பிரியுங்கள். உங்கள் வண்டியின் இக்னிஷன் பேட்டரியில் ஓடுவது, எனவே ஸ்டேட்டரைப் பிரித்தாலும் எஞ்சின் ஓடும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அந்த இரண்டு ஒயருக்கும் இடையே அளந்து பாருங்கள். காந்தம் சுற்றும் ஆல்டர்னேட்டரில் சுமை இல்லாதபோது வோல்ட் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறும். வேகம் மூன்று மடங்கானால் வோல்ட்டும் ஏறத்தாழ மூன்று மடங்காக வேண்டும். ஏறாமல் நடுவில் தடுமாறினால் காயிலில் கோளாறு. நன்றாக ஏறினாலும் காயில் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. மீட்டர் கரன்ட் எதையும் இழுப்பதில்லை, அதனால் உள்ளே சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிய காயிலும் தனியே அளக்கும்போது நல்லவன்போல் காட்டலாம். ஆகவே சுமை கொடுத்துப் பாருங்கள். அந்த இரண்டு ஒயரிலும் ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பை நேராக மாட்டி, மெதுவாக ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். பல்பு வெள்ளையாகப் பிரகாசித்து 12 வோல்ட்டைத் தொடும்போது நிறுத்திவிடுங்கள், மேலே போனால் பல்பு போய்விடும். எவ்வளவு திருகினாலும் மஞ்சளிலேயே நின்றால் காயிலோ காந்தமோ வீக். அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் நல்ல வண்டியில் இதையே செய்து ஒப்பிட முடிந்தால் எந்தப் புத்தக அளவையும்விட அது நம்பகமானது.

ஓம் அளவை வைத்துக் காயிலைத் தீர்ப்பு சொல்வதை நான் நம்புவதில்லை. நல்ல காயிலின் தடையே மிகக் குறைவு, சாதாரண மீட்டரின் ஒயர்களே 0.2, 0.3 ஓம் காட்டும். அறுந்திருக்கிறதா என்பதை மட்டும் அது சொல்லும். ஒயருக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே அளப்பது உபயோகமானது, புல்லட் ஸ்டேட்டரில் அங்கே தொடர்பு இருக்கக் கூடாது. (இதைப் படித்துவிட்டு ஆர்எக்ஸ் 100, ஸ்பிளெண்டர் வைத்திருப்பவர்கள் பயந்துவிட வேண்டாம். அந்த மேக்னட்டுகளில் காயிலின் ஒரு முனையே எர்த்தில் இருக்கும், தொடர்பு காட்டுவதுதான் சரி.) எல்லாச் சோதனையையும் குளிர்ந்த வண்டியில் ஒருமுறை, இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து ஒருமுறை என்று செய்யுங்கள். ஸ்டேட்டர் பிரைமரி கேஸின் சூடான ஆயிலில் உட்கார்ந்திருக்கிறது. காலையில் நன்றாக இருந்து சூடானதும் சரியும் காயில் நிறைய உண்டு.

ஏசி சுமையிலும் நன்றாக வருகிறது, ஒயரிங்கும் சுத்தம், ஆனால் பேட்டரிக்கு வருவது மட்டும் குறைவு என்றால் திரும்பவும் ஆர்.ஆர். யூனிட்தான். உள்ளே நான்கு டயோடு கொண்ட பாலம் இருக்கும். அதில் ஒன்று திறந்துபோனால் அலையின் பாதி மட்டுமே பேட்டரிக்குப் போகும், சார்ஜ் நிற்காது, ஏறக்குறைய பாதியாகும். உங்கள் அறிகுறிக்கு இது அப்படியே பொருந்துகிறது. ரெகுலேட்டரும் சேர்ந்த யூனிட்டை டயோடு சோதனையால் முழுக்கத் தீர்மானிக்க முடியாது, ஓடும் இன்னொரு வண்டியிலிருந்து அதே ஒயர் எண்ணிக்கை உள்ள யூனிட்டை வாங்கி மாட்டிப் பார்ப்பதே நேர்வழி. உங்கள் பழைய யூனிட்டை எறியாமல் வைத்திருந்தால் அதையும் மாட்டிப் பாருங்கள், அது கெட்டதே இல்லை என்றுகூடத் தெரியவரலாம்.

காயில்தான் என்று சோதனை சொன்னால் மட்டும் கேஸைத் திறங்கள். இடதுபக்க ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றி, நடுவில் இருக்கும் ஒற்றை நட்டை எடுத்தால் மூடி வந்துவிடும், கீழே ஆயிலுக்கு ஒரு தட்டு வையுங்கள். காயிலைக் கழற்றும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும். பிரைமரி செயின் தொய்ந்து ஸ்டேட்டர் ஒயரை உரசியிருக்கிறதா? ரோட்டரை (சுற்றும் காந்தம்) பிடித்திருக்கும் நட் தளர்ந்து ரோட்டர் ஆடுகிறதா? ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவில் சுற்றிலும் சீரான இடைவெளி இருக்கிறதா? 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளை அல்லது பிளாஸ்டிக் தகடு எல்லாப் பக்கமும் தடையில்லாமல் போக வேண்டும். இரும்பு ஃபீலர் (இடைவெளி அளக்கும் தகடு) காந்தத்தில் ஒட்டிக்கொண்டு தவறாகக் காட்டும். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் ஸ்டேட்டர் சரியாக உட்காரவில்லை அல்லது கிராங்க் பேரிங் தேய்ந்திருக்கிறது. பேரிங் தேய்ந்த வண்டியில் புதுக் காயில் போட்டால் அதையும் உரசித் தின்றுவிடும். காந்தமே பலம் இழப்பது நடக்கக்கூடியதுதான், ஆனால் அபூர்வம். புதுக் காயில் போட்டும் சுமைச் சோதனையில் மஞ்சள் வெளிச்சமே வந்தால் மட்டும் ரோட்டரைச் சந்தேகியுங்கள்.

ரீவைண்டா, புது ஸ்டேட்டரா என்றால் புதுசுக்குத்தான் என் ஓட்டு. ரீவைண்ட் கெட்ட வேலை என்று சொல்லவில்லை. அதே கேஜ் ஒயர், அதே சுற்று எண்ணிக்கை, சூட்டைத் தாங்கும் எனாமல், வார்னிஷில் முக்கிச் சூளையில் வாட்டியெடுப்பது என்று முறையாகச் செய்தால் அது பல வருடம் ஓடும். அப்படிச் செய்கிறவர் உங்கள் ஊரில் இருந்தால் கொடுங்கள். மோட்டார் பம்புக்குச் சுற்றுவதுபோல் சுற்றி, மேலே வார்னிஷ் தடவிக் கொடுப்பவரிடம் கொடுத்தால் சூடான ஆயிலில் அது நீண்ட நாள் நிற்காது.

கடைசியாக, வண்டியில் இப்போது என்ன பல்பு இருக்கிறது என்று பாருங்கள். 60 வாட் ஹெட்லைட் 5 ஆம்பியர், டெயிலும் முன்னால் உள்ள இரண்டு டைகர் லேம்ப்பும் சேர்ந்து ஒரு ஆம்பியர், பாயின்ட் இக்னிஷன் சராசரியாக 2. இதுவே 8 ஆம்பியர். பிரேக்கை மிதித்தால் இன்னும் ஒன்றேமுக்கால். இதில் யாராவது 100/90 வாட் பல்போ ஃபாக் லேம்ப்போ மாட்டியிருந்தால் எந்தக் காயிலும் ஈடுகொடுக்காது, அந்த வண்டியில் கோளாறே இல்லாமல் பேட்டரி இறங்கும். டெயில், டைகர் லேம்ப் பல்புகளை எல்.இ.டி.யாக மாற்றுவது நல்ல மிச்சம். ஹெட்லைட்டுக்கு எல்.இ.டி. போடும்போது மட்டும் சுவரில் வெளிச்சம் விழும் கோட்டைப் பார்த்துப் போடுங்கள். பழைய ரிஃப்ளெக்டரில் பல எல்.இ.டி. பல்புகள் எதிரே வருகிறவர் கண்ணைக் கூச வைக்கின்றன. பேட்டரியின் காலை வோல்ட், 60 வேகச் சத்தத்தில் விளக்கில்லாமலும் விளக்கோடும் வோல்ட், ஆர்.ஆர். யூனிட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே தொலையும் வோல்ட், இந்த நான்கையும் அளந்து எழுதினால் அடுத்து எதைத் தொட வேண்டும் என்று சொல்கிறேன். அதுவரை காயிலைக் கழற்ற வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவையுங்கள்.